சைக்ளோஸ்போரினுக்கு முன்னால் ஒன்றுமே இல்லையா? ராய் கால்னின் கட்டுரைகளும் எங்கள் வீட்டு மாத்திரை டப்பாவும்

கேள்வி, ஜனவரி 9, 2024

பிரிட்டிஷ் உறுப்பு மாற்று அறுவை மருத்துவர் ராய் கால்ன் 93 வயதில் மறைந்த செய்தியைப் படித்தேன். அவர் கண்டுபிடித்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகுதான் உறுப்பு மாற்று சாத்தியமானது, அதற்கு முன் அடுத்தவர் சிறுநீரகத்தைப் பொருத்தி யாரும் பிழைத்ததில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரிதானா? விவரம் தெரிந்தவர்கள் எழுதவும்.

ஜனவரி 9, இரவு 10.30

இரண்டுமே தவறு. என் அண்ணன் 1998 முதல் சைக்ளோஸ்போரின் இல்லாமல், அம்மா கொடுத்த சிறுநீரகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறார். அவர் தினமும் விழுங்குவது அசாதையோபிரினும், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும். இவற்றில் முதலாவதைச் சிறுநீரக மாற்றுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இதே கால்ன். அவரைப் புகழ்வதற்காகச் சொன்ன வாக்கியம் அவருடைய பாதி உழைப்பை அழித்துவிடுகிறது.

சைக்ளோஸ்போரினைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் அள்ளிய மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து அது வந்தது. அடுத்தவர் உறுப்பை அந்நியம் என்று நிராகரிக்கும் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் குணம் அதற்கு உண்டு என்பது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில், 1972இல் தெரியவந்தது. போரெல், ஸ்டேஹெலின் என்ற இருவரின் பெயர்களை அங்கே சொல்லவேண்டும். கால்ன் செய்தது, அதை உறுப்பு மாற்றில் முதலில் விலங்குகளுக்கும் பிறகு மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்து, கண்டதை அப்படியே அச்சிட்டது.

இன்னொன்று. இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஆண்டைக் கவனியுங்கள்.

ஜனவரி 10, காலை

கால்னின் கதை தொடங்கும் இடம் எனக்குப் பிடித்தமானது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோது சிறுநீரகம் செயலிழந்த ஓர் இளைஞரைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஏறத்தாழத் தன் வயதுக்காரர். இரண்டு வாரத்தில் இறந்துவிடுவார், வலியில்லாமல் பார்த்துக்கொள் என்று மூத்த மருத்துவர் சொல்லியிருக்கிறார். வேறு சிறுநீரகம் வைக்க முடியாதா என்று மாணவர் கேட்டார். முடியாது. ஏன் முடியாது? முடியாது என்பதால் முடியாது. அவ்வளவுதான் பதில்.

1997இல் இதே கேள்வியை நாங்கள் கேட்டபோது பதில் வேறாக இருந்தது. “வீட்டில் யார் கொடுக்கிறீர்கள்?” என்றார் மருத்துவர். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இரண்டு பதில்களுக்கும் நடுவே ஏறத்தாழ 45 ஆண்டுகள்.

பிறகு ஆக்ஸ்போர்டில் பீட்டர் மெடவாரின் உரையைக் கால்ன் கேட்டார். பிறப்பதற்கு முன்பே வேறு எலியின் உயிரணுக்களைச் செலுத்திவிட்டால், அந்த எலிக்குட்டி வளர்ந்த பிறகு அதே வகை எலியின் தோலை ஏற்றுக்கொள்கிறது என்று காட்டியவர் மெடவார். 1960இல் அதற்கு நோபல் கிடைத்தது. உரை முடிந்ததும் ஒரு மாணவர் எழுந்து, இதனால் நோயாளிகளுக்கு என்ன பயன் என்று கேட்க, எதுவுமே இல்லை என்றாராம். கால்ன் அந்தப் பதிலை ஏற்கவில்லை.

முதலில் கதிர்வீச்சால் நாய்களின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கப் பார்த்தார். பலிக்கவில்லை. அப்போது பாஸ்டனில் ஷ்வார்ட்ஸ், டேமஷெக் இருவரும் 1959இல் வெளியிட்ட கட்டுரை கண்ணில் பட்டது. ரத்தப் புற்றுநோய் மருந்தான 6-மெர்காப்டோபியூரினைக் கொடுத்தால், முயல்கள் அந்நியப் புரதத்துக்கு எதிராகக் கிளம்புவதில்லை என்று அது சொன்னது. அதை நாய்களின் சிறுநீரக மாற்றில் முயன்றார். மருந்தில்லாத நாய்கள் சில நாட்களில் உறுப்பை இழந்தன. மருந்து பெற்றவற்றில் சில, வாரக்கணக்கில் தாங்கின. 1960இல் லேன்செட் மருத்துவ இதழில் அது வந்தது. சிறுநீரக மாற்றில் வேதிப்பொருள் ஒன்றைக் கொண்டு நிராகரிப்பைத் தள்ளிப்போட முடியும் என்று காட்டிய முதல் கட்டுரை.

ஜனவரி 10, மாலை

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். “முதல் கட்டுரை” என்பதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. அதே காலத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சுகோஸ்கியும் அவருடன் இருந்தவர்களும், கால்னின் வேலையை அறியாமல், அதே மருந்தால் அதே முடிவைக் கண்டார்கள். இருவரும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் திறந்தார்கள்.

நாய்களைப் பற்றி ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் நியாயமானது. அவற்றில் பெரும்பாலானவை இறந்தன. அந்த வரிகளை வேகமாகத் தாண்ட என்னால் முடியவில்லை. அதற்காக அண்ணனின் மாத்திரையைத் தட்டிவிடவும் முடியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சுமக்கிறேன்.

ஜனவரி 12

பாஸ்டன் பகுதியை விட்டுவிட்டேன். 1960இல் கால்ன் அங்கே ஜோசப் மரேயிடம் போனார். ஒரே கருவில் உருவான இரட்டையர்களுக்கு இடையே 1954 டிசம்பரில் சிறுநீரகத்தை மாற்றி வென்றவர் மரே. இரட்டையர் என்பதால் அங்கே நிராகரிப்பு என்ற பிரச்சினையே எழவில்லை. எல்லோருக்கும் இரட்டையர் கிடைப்பாரா?

போகும் வழியில் நியூயார்க் அருகே டக்கஹோவில் பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில் நின்றார். அங்கே ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் 6-மெர்காப்டோபியூரினையும் அதன் உறவு மருந்துகளையும் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். சில புதிய மருந்துகளை அவரிடம் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றின் குறியீடு பிடபிள்யூ 57-322. அதுதான் அசாதையோபிரின். அண்ணனின் டப்பாவில் இருக்கும் வெளிர் மஞ்சள் மாத்திரை.

அந்த மருந்தில் நன்றாக இருந்த நாய் ஒன்றுக்கு லாலிபாப் என்று பெயர். மாற்று நடந்து ஆறு மாதம் கழித்தும் ஆரோக்கியமாக வாலாட்டிக்கொண்டு மருத்துவர்கள் கூடியிருந்த அரங்குக்குள் வந்ததாம். இதைச் சொன்னபோது அண்ணன் வெகுநேரம் சிரித்தார். “எனக்கு முன்னால் சாப்பிட்டுப் பார்த்தவனுக்குப் பெயர் இருக்கிறதா?” என்றார். அன்றிலிருந்து காலை மாத்திரைக்கு எங்கள் வீட்டில் லாலிபாப் என்று பெயராகிவிட்டது.

1962இல் மரே அசாதையோபிரினைக் கொடுத்து, இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்திய நோயாளி ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் அதனுடன் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தார். முடிவுகள் மேலும் தேறின. இந்த ஜோடிதான் அடுத்த 20 ஆண்டுகள் உலகம் முழுவதும் ஓடியது. சைக்ளோஸ்போரினுக்கு முன் யாரும் பிழைத்ததில்லை என்று சொன்ன நண்பருக்கு இந்தப் பத்தியைக் காட்டுங்கள். உயிர் பிழைக்காமல் போனவர்களும் ஏராளம், அதையும் காட்டுங்கள்.

ஜனவரி 13

அண்ணன் ஏன் சைக்ளோஸ்போரினை நிறுத்தினார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மருத்துவக் காரணம் இல்லை. பணம்.

முதல் ஆண்டு மூன்று மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை அவருக்கு. மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் சைக்ளோஸ்போரினுக்கே போனது. அண்ணியின் வளையல்கள் போயின. பிறகு டில்டியாசெம் என்ற மாத்திரையையும் எழுதிக் கொடுத்தார்கள். அது இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பது, இவருக்கு எதற்கு என்று நான் மருந்துக் கடையிலேயே வாதாடினேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சைக்ளோஸ்போரினைச் சிதைக்கும் நொதியை டில்டியாசெம் மந்தப்படுத்துகிறது. ஆகவே விலையுயர்ந்த மருந்தைக் குறைவாக எடுத்தாலே போதிய அளவு ரத்தத்தில் தங்குகிறது. மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைக்கூட ஏழை நோயாளிக்குச் சாதகமாகத் திருப்ப முடியும் என்று அன்றுதான் கற்றேன். நம் நாட்டில் அந்தக் காலத்தில் பல இடங்களில் கையாண்ட வழி இது.

பக்க விளைவுகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஈறு தடித்துப் பல்லை மூடத் தொடங்கியது. கை நடுங்கியது. கன்னத்து எலும்பின்மேலும் காது மடலிலும் முடி முளைத்தது. முடி திருத்துபவர் வெள்ளந்தியாக “என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள்?” என்று கேட்டார். அண்ணன் அவரிடம் முழுக் கதையும் சொல்லிவிட்டு வந்தார்.

ஓராண்டு முடிந்ததும் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். நிறுத்திய மூன்று மாதமும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சோதனைக் காகிதத்தைப் பிரிக்கும்போது என் விரல்களும் நடுங்கின. நிராகரிப்பு வரவில்லை. எல்லோருக்கும் இப்படி அமையாது. தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாக மருந்தைக் குறைக்க வேண்டாம். சிறுநீரகத்தை இழந்தவர்களை அதே வராந்தாவில் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 14

சைக்ளோஸ்போரினை எலிகளுக்கு ஆலிவ் எண்ணெயில் கரைத்துக் கொடுத்த கதை உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மைதான். 1976இல் போரெலின் உரையைக் கேட்டுவிட்டு வந்த டேவிட் ஒயிட் என்ற ஆய்வாளர், கேம்பிரிட்ஜில் கால்னிடம் இந்த மருந்தைப் பற்றிச் சொன்னார். கிரேக்கத்திலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த அல்கிஸ் கொஸ்டாகிஸ் எலிகளில் இதயம் மாற்றிப் பழகிக்கொண்டிருந்தார்; அவற்றுக்கு இந்தத் தூளைக் கொடுத்தார். அது தண்ணீரில் கரையாது. அவருடைய அம்மா ஊரிலிருந்து அனுப்பியிருந்த ஆலிவ் எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார். எலிகள் எதிர்பார்த்ததைவிட மிக நீண்ட நாள் வாழ்ந்தன. கால்ன் முதலில் நம்பாமல் மறுபடி செய்யச் சொன்னாராம். பிறகு நாய், பன்றி. அந்த முடிவுகளை எடுத்துக்கொண்டு கால்னும் ஒயிட்டும் பாசலுக்கே போனார்கள். விற்பனை இருக்காது என்று சாண்டோஸ் கைவிடப் பார்த்த மருந்துக்காக வாதாடினார்கள்.

ஆனால் நான் உங்களைப் படிக்கச் சொல்வது 1978 லேன்செட் கட்டுரையை. ஏழே நோயாளிகள். இறந்தவர்களிடமிருந்து எடுத்த, பொருத்தம் பார்த்துத் தேர்ந்தெடுக்காத சிறுநீரகங்கள். மருந்து நிராகரிப்பைத் தடுத்தது என்று சொன்ன கையோடு, அது சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் நஞ்சாக இருக்கிறது என்கிறது கட்டுரை. சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தே சிறுநீரகத்தைத் தாக்குகிறது! நாய்களில் இது தென்படவில்லை; மனிதரில்தான் தெரிந்தது. ஐவர் வேலை செய்யும் சிறுநீரகத்தோடு வீடு திரும்பினார்கள். ஒருவருக்குத் தொற்று காரணமாக அதை அகற்றவேண்டியதாயிற்று. ஒருவர் பூஞ்சைத் தொற்றால் இறந்தார். மருத்துவத்தில் பரிந்துரைப்பதற்கு முன் இன்னும் கவனமான ஆய்வு வேண்டும் என்று முடிகிறது.

புதிய மருந்தை முதன்முதலாகக் கையில் வைத்திருப்பவர் எழுதிய கட்டுரை இது என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு 34 பேரைப் பற்றி எழுதியபோது லிம்போமா என்ற புற்றுநோய் வந்ததையும் சேர்த்தே எழுதினார். அளவு கூடிப்போனது, மற்ற மருந்துகளோடு சேர்ந்தது என்று காரணங்கள் பிறகு தெளிந்தன. ஆரம்பத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் கொடுத்தார்கள். அண்ணன் கடைசியாக எடுத்தது கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்கும் கீழே. 25க்கும் 4க்கும் இடையே கிடப்பவை இந்தக் கட்டுரைகளும் அவற்றில் வரும் நோயாளிகளும்தான்.

ஜனவரி 17

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

2003இல் அண்ணனுக்குக் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்தது. போர்வை பட்டால்கூட வலித்தது. ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருந்தது. சென்னைக்குப் போக முடியாமல் எங்கள் ஊரிலேயே ஒரு மருத்துவரிடம் காட்டினார். அல்லோபியூரினால் எழுதிக் கொடுத்தார்; யூரிக் அமிலத்துக்கு உலகமெங்கும் கொடுக்கும் சாதாரண மாத்திரை. நான்கு வாரத்தில் வாயெல்லாம் புண், காய்ச்சல். ரத்தம் சோதித்தால் வெள்ளையணுக்கள் அடியோடு சரிந்திருந்தன. மூன்று வாரம் தனி அறை. அம்மா வாசலில் உட்கார்ந்து தன்னுடைய இன்னொரு சிறுநீரகத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி அழுதார். கெட்டுப்போனது சிறுநீரகம் அல்ல, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை என்பது அவருக்குப் புரியவில்லை.

காரணம் எளியது. அசாதையோபிரின் உடலுக்குள் 6-மெர்காப்டோபியூரினாக மாறுகிறது. அதில் ஒரு பகுதியைச் சிதைப்பது சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி. அல்லோபியூரினால் தடுப்பது அதே நொதியை. சிதைவு நின்றால் மருந்து தேங்கும். தேங்கினால் மஜ்ஜை ஒடுங்கும். சேர்த்துக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அசாதையோபிரினை நான்கில் ஒரு பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டும்.

பிறகு படித்தபோது நெஞ்சு அடைத்தது. அல்லோபியூரினாலும் அதே எலியன், ஹிச்சிங்ஸ் ஆய்வகத்தில் பிறந்தது. முதலில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்ததே 6-மெர்காப்டோபியூரின் சிதையாமல் அதிக நேரம் வேலை செய்யட்டும் என்பதற்காக! யூரிக் அமிலம் குறைந்தது அதோடு கண்ட பலன். அதாவது இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது 1960களின் தொடக்கத்திலேயே அச்சில் இருக்கிறது. டில்டியாசெம் எங்கள் பணத்தை மிச்சப்படுத்திய அதே வித்தைதான் இங்கே மஜ்ஜையை அடித்தது. 40 ஆண்டுகளாக எழுதிக்கிடந்த ஒரு வரி, எங்கள் ஊர் மருந்துச் சீட்டுக்கு வந்து சேரவில்லை.

ஜனவரி 18

அல்லோபியூரினால் எழுதிய மருத்துவரின் பெயரைக் கேட்கிறார்கள். எழுதமாட்டேன். கேட்டுத் தனியாகவும் எழுதவேண்டாம்.

ஜனவரி 20

பழையதை மறுபடி படித்தபோது, சைக்ளோஸ்போரின் வந்த பிறகு நம் ஊரில் நடந்த கெட்டதை விட்டுவிட்டேனோ என்று பட்டது. அந்த மருந்து பரவலாக வந்த பிறகு ரத்த உறவு இல்லாதவரின் சிறுநீரகமும் முன்பைவிட நன்றாக நிலைத்தது. இறந்தவர் கொடையை வளர்க்கவேண்டிய இடத்தில் நம்மிடம் தரகர்கள் வளர்ந்தார்கள். சென்னை வில்லிவாக்கத்தைச் சிறுநீரகத்தின் பெயரோடு ஒட்டிக் கேலியாக அழைத்த காலம் அது. கடனுக்காக விற்றவர்கள், பெரும்பாலும் பெண்கள். 1994இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து விற்பனையைக் குற்றமாக்கியது. இதற்குக் கால்ன் பொறுப்பல்ல. ஆனால் லேன்செட்டில் வரும் ஒரு முடிவு எந்தத் தெருவில் போய் என்னவாக மாறுகிறது என்பதையும் இந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அம்மாவிடம் 1997இல் அதிகாரிகள் குழு “யாராவது வற்புறுத்தினார்களா?” என்று மூன்று முறை கேட்டது, அவருக்குக் கோபம் வந்தது. கேட்டது சரி என்று இன்று நினைக்கிறேன்.

ஜனவரி 23

கால்ன் வரைந்த ஓவியங்களைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1968இல் கேம்பிரிட்ஜில் பிரிட்டனின் முதல் கல்லீரல் மாற்றைச் செய்தவர் கால்ன். 1988இல் ஸ்காட்லாந்து ஓவியர் ஜான் பெல்லனிக்கு அவர் கல்லீரல் மாற்றினார். மயக்கம் தெளிந்ததும் பெல்லனி காகிதம் கேட்டு வரையத் தொடங்கிவிட்டார். அறுவை செய்தவர் நோயாளியிடம் ஓவியம் கற்றார். தன் நோயாளிகள் பலரை வரைந்தார். வடுவோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையை நெடுநேரம் பார்த்து வரைந்தவர் அறுவைக் கூடத்திலும் வேறு விதமாகப் பார்த்திருப்பார் என்பது என் நம்பிக்கை. எங்கள் அண்ணனை யாரும் வரையவில்லை. அடிவயிற்றின் வலப்பக்கத்து வடுவை, முதல்முறை பார்த்த அவருடைய மகள் கொக்கி என்றாள்.

ஜனவரி 27

கால்னுக்கு நோபல் ஏன் இல்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எலியனுக்கும் ஹிச்சிங்ஸுக்கும் 1988, மரேக்கு 1990. கால்னுக்கும் ஸ்டார்சலுக்கும் 2012இல் லாஸ்கர் மருத்துவ விருது. எனக்கு இதில் பெரிய அக்கறை இல்லை.

அக்கறை வேறொன்றில். 1969இல் கால்ன் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியது: பன்றிகளுக்குள் கல்லீரலை மாற்றினால் சிலவற்றில் மருந்தே இல்லாமல் நிலைத்துவிடுகிறது, அதே கொடையாளியின் வேறு உறுப்பையும் அந்தப் பன்றி ஏற்கிறது. இது அவரை விடவே இல்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 1998இல், 13 நோயாளிகளைப் பற்றி லேன்செட்டில் எழுதினார். அறுவையின்போது கேம்பாத் என்ற எதிர்ப்புரதத்தால், நிராகரிப்பை நடத்தும் வெள்ளையணுக்களான லிம்போசைட்டுகளைத் துடைத்துவிட்டு, பிறகு குறைந்த அளவு சைக்ளோஸ்போரின் மட்டும், ஸ்டீராய்டு இல்லை. இந்த நிலைக்கு அவர் வைத்த லத்தீன் பெயரைத் தமிழில் “ஏறத்தாழ இசைவு” என்று சொல்லலாம். முழு இசைவு இல்லை. ஆனால் உடல் உறுப்போடு சண்டையிடாமல் இருக்கப் போதுமான, மிகச் சிறிய மருந்து.

இருபதுகளில் “முடியாது” என்பதை எதிர்த்து எழுந்தவர், 67 வயதில் “இன்னும் எவ்வளவு குறைக்கலாம்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் தினசரிக் கேள்வி. பிரெட்னிசோலோனால் அண்ணனின் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, மாடிப்படி ஏறுவதில்லை. இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னதும் தன் மருத்துவரிடம் கேட்டார். 26 ஆண்டு நிலைத்திருப்பதை இப்போது தொடவேண்டாம் என்றாராம். சரியான பதில். ஆனாலும் இரவு அண்ணன் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் விழுங்கினார்.

பிப்ரவரி 2

இரண்டு திருத்தங்கள். அண்ணி இதையெல்லாம் படித்துவிட்டுப் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒவ்வொரு நாளும் எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது, எந்த மாத்திரை என்று 1997 ஆகஸ்ட் முதல் எழுதிவைத்தவர்.

ஒன்று: சைக்ளோஸ்போரினை முழுதாக நிறுத்தியது ஓராண்டில் அல்ல, 14 மாதத்தில். நான் எழுதியது தவறு.

இரண்டாவது கனமானது. 2003இல் அந்த மருத்துவர் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் “கிட்னி மாத்திரை, பிரஷர் மாத்திரை” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அண்ணியின் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது. பெயரைத் துருவிக் கேட்காதது அவர் தவறுதான். ஆனால் 17ஆம் தேதி நான் எழுதியபோது எங்கள் பங்கை விட்டுவிட்டேன். அண்ணனுக்கு ஆறு ஆண்டுகளாக அந்த மாத்திரையின் பெயர் வாயில் நுழையவில்லை. எங்கள் யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை.

இப்போது அவர் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டை இருக்கிறது. அண்ணி எழுதியது. முதல் வரியில் பெயரும் ரத்த வகையும். இரண்டாவது வரியில் மாற்று நடந்த தேதி, “கொடுத்தவர்: தாயார்”. மூன்றாவது வரி சிவப்பு மையில்: “அசாதையோபிரின் எடுக்கிறேன். அல்லோபியூரினால் தரவேண்டாம்.”